உதிர்ந்த மயிரும் ஊட்டம் என்ற சொல்லும்

மானம் அதிகாரத்தை வகுப்பில் நடத்தும் நாளில் ஒரு சிறு சலசலப்பை எதிர்பார்த்தே உள்ளே நுழைவேன். பத்துக் குறள்களுக்குள் இரண்டு இடங்களில் 'மயிர்' என்ற சொல் வருகிறது. ஒரு குறளில் மயிர் நீங்கினால் உயிர் வாழாத கவரிமாவைக் காட்டுகிறார் வள்ளுவர். இன்னொன்றில், தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைத் தலையை விட்டு வீழ்ந்த மயிரோடு ஒப்பிடுகிறார். மாணவிகள் உவமையை எண்ணிச் சிரிப்பதில்லை. தெருவில் வசையாக மட்டுமே கேட்டுப் பழகிய சொல்லை ஆசிரியை கரும்பலகையில் எழுதுகிறாரே என்றுதான் சிரிக்கிறார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சொற்களின் கதையைச் சொல்வது என் வழக்கம். இன்று நாம் நாகரிகமாகச் சொல்லும் 'முடி' என்பது முடியப்படுவது, கட்டப்படுவது. மன்னன் தலையில் இருந்த மகுடத்துக்கும் அதுவே பெயர். கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, கூழை என்று பழைய பாடல்கள் அள்ளி அள்ளிப் பெயர் சூட்டின. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் ஐம்பால் என்றார்கள். இத்தனை பெயரும் தலையில் இருக்கும் வரைக்கும்தான். கீழே விழுந்தபின் எந்தப் பெயரும் ஒட்டுவதில்லை. வள்ளுவரின் தீர்ப்பை அகராதியே வழிமொழிவதுபோல இருக்கும்.

சென்ற ஆண்டு அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் துறை அறைக்கு வந்தாள். கையில் ஒரு புட்டி. தலைக்குழம்பு என்று நான் தமிழில் சொன்னால் அவள் சிரிப்பாள், ஆகவே ஷாம்பு என்றே எழுதுகிறேன். 'பதினெட்டு அமினோ அமிலங்களின் முழுமையான ஊட்டம்' என்று அதன் மேல் பொன்னிற எழுத்து. விலை அறுநூறு ரூபாய்க்குச் சற்று மேல். "மூணாவது புட்டி மேடம். இன்னும் கொத்துக் கொத்தாத்தான் கொட்டுது" என்றாள். துணிக்கடையில் பகுதிநேரமாக நின்று சம்பாதித்த பணத்தில் வாங்கியிருந்தாள்.

நான் தமிழ் படித்தவள். அமினோ அமிலம் என் பாடமன்று. ஆனால் 'ஊட்டம்' என் பாடம். எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைத் தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தப் புட்டியைச் சில வாரங்கள் நான் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

*

அமினோ அமிலங்களின் பெயர்களே ஒரு சிறிய இலக்கியம். அவற்றை வரிசையாகக் கண்டெடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு வேதியியலார், எந்தப் பொருளில் கண்டார்களோ அதையோ, கண்ணுக்கும் நாவுக்கும் எப்படிப்பட்டதோ அதையோ பெயராக்கினார்கள். 1806இல் அஸ்பராகஸ் தண்டின் சாற்றில் கிடைத்தது அஸ்பராஜின். 1820இல் ஊன்பசையிலிருந்து பிரித்தது இனித்தது. ஆகவே இனிப்புக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைசீன். பாலாடைக்கட்டியில் கிடைத்தது டைரோசின், கிரேக்கத்தில் பாலாடைக்கட்டி 'டைரோஸ்'. பட்டிலிருந்து 1865இல் கிடைத்தது செரீன். அதற்குள் இருப்பது பட்டுக்கான இலத்தீன் சொல்.

தலைமயிரின் அமினோ அமிலத்துக்கு வாய்த்த பெயர்தான் விந்தை. 1810இல் வோலஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு சிறுநீர்ப்பைக் கல்லை ஆராய்ந்தபோது அது அவர் கண்ணில் பட்டது. சிறுநீர்ப்பைக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து சிஸ்டைன் என்ற பெயர் பிறந்தது. அது புரதத்துக்குள்ளேயே இருக்கும் ஒன்று என்பதை, விலங்கின் கொம்பிலிருந்து அதைப் பிரித்தெடுத்து மோர்னர் காட்டியது 1899இல். கூந்தலின் வலிமைக்குக் காரணமான பொருள் சிறுநீர்ப்பையின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறது. புலவர்கள் பெயரிட்டிருந்தால் இப்படி நேர்ந்திராது.

வலிமைக்குக் காரணம் என்றேன். மயிர், நகம், கொம்பு, இறகு எல்லாம் கெரட்டின் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உடலின் பிற புரதங்களில் அருகியே காணப்படும் சிஸ்டீன் என்ற கந்தகம் உள்ள அமினோ அமிலம், மயிரின் கெரட்டினில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கிறது. இரண்டு சிஸ்டீன்கள் தம் கந்தகக் கைகளைக் கோத்துக்கொள்ளும்போது சிஸ்டைன் ஆகிறது. இழைக்கு இழை இப்படிக் கோத்த கைகளே மயிரை அறுபடாமல் காக்கின்றன. அழகு நிலையத்தில் நேர்மயிரைச் சுருளாக்குவதும் இந்தக் கைகளை ஒரு வேதிப்பொருளால் விடுவித்து, சுருட்டி வைத்து, இன்னொன்றால் மீண்டும் கோக்கச் செய்வதுதான்.

*

உதிர்ந்த மயிருக்கு மதிப்பில்லை என்ற கருத்தைச் சந்தை எப்போதோ தள்ளிவிட்டது. சீப்பில் சிக்கியதைச் சுருட்டிக் கூரை இடுக்கிலோ சுவர்ப் பொந்திலோ செருகி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. சிக்குமுடி வாங்க வருபவர் அதை எடை போட்டுப் பாத்திரமோ, ஊக்கும் ரப்பர் வளையமுமோ கொடுத்துவிட்டுப் போவார். கர்நாடகத்தில் கொப்பள் அருகேயுள்ள பாக்யநகரிலும், எல்லை கடந்து மியான்மரிலும் அதைச் சிக்கெடுத்துப் பிரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். திருமலையிலும் பழனியிலும் நேர்ந்துகொண்டு இறக்கிய முடி ஏலத்துக்குப் போகிறது. நீண்டது பொய்முடியாகிறது. 2004இல், திருப்பதியில் காணிக்கையாகத் தரப்பட்ட முடியில் செய்த பொய்முடியை யூதப் பெண்கள் அணியலாகாது என்று ஜெருசலேமின் மூத்த சமயத் தலைவர் ஒருவர் தீர்ப்புக் கூற, நியூயார்க்கின் புரூக்ளினில் அவற்றைத் தெருவில் குவித்து எரித்தார்கள். ஏதோ ஓர் ஊரில் ஒரு தாய், பிள்ளையின் காய்ச்சல் தணிந்தால் போதும் என்று இறக்கிய பாரம், பெயர் தெரியாத நகரத்தில் ஓர் இறையியல் வழக்காயிற்று.

பொய்முடிக்கு உதவாத குட்டை மயிருக்கும் வழி உண்டு. அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டுக் கொதிக்க வைத்தால் கெரட்டின் தன் அமினோ அமிலங்களாக உதிர்ந்துவிடும். அதிலிருந்து சிஸ்டீனைப் பிரிக்கலாம். ரொட்டி மாவை இளக்குவதற்கும், மருந்துக்கும், சுவையூட்டிக்கும் அது வேண்டியிருக்கிறது. மனித மயிரிலிருந்து எடுத்ததை உணவில் சேர்க்கலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்திருக்கிறது. அங்கே வாத்து, கோழி இறகுகளிலிருந்து எடுப்பார்கள். நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்க வைத்து எடுக்கும் முறையும் இன்று உண்டு. ஷாம்புப் புட்டியில் 'கெரட்டின்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஆட்டு மயிரையோ இறகையோ நீராற்பகுத்துப் பெற்றதுதான்.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் முகம் சுளித்தாள். எனக்கு அருவருப்புத் தோன்றவில்லை. ஒரு விலங்கின் உடலிலிருந்து கழிந்த பொருள் மீண்டும் அடிப்படை எழுத்துகளாகச் சிதறி வேறு சொற்களாகச் சேர்கிறது. மொழியில் தினமும் நடப்பதுதானே!

*

கேள்வி அதுவன்று. எழுத்துகளைக் கொட்டினால் கவிதை ஆகுமா என்பதே கேள்வி.

ஊட்டுதல் என்பது உண்ணுதலின் பிறவினை. உண்பவர் ஒருவர் இருந்தால்தான் ஊட்டுபவர் இருக்க முடியும். தோலுக்கு வெளியே நாம் காணும் மயிரில் உயிர் இல்லை. வேர்க்குமிழில் உயிரணுக்கள் பிறந்து, கெரட்டினால் நிறைந்து, இறந்து, மேலே தள்ளப்படுகின்றன. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும் அந்த இழைக்கு இரத்தமும் இல்லை, நரம்பும் இல்லை. வெட்டினால் வலிக்காததற்கும் அதுவே காரணம். வாய் இல்லாத ஒன்றுக்கு எதை ஊட்டுவது?

அதற்காக அமினோ அமிலங்கள் வெறும் ஏமாற்று என்று முடித்துவிடுவதும் முறையன்று. சிறிய மூலக்கூறுகளான அவை மயிரின் மேற்செதில்களைத் தாண்டி ஓரளவு உள்ளே போகின்றன. நீரைப் பிடித்து வைக்கின்றன. நிறம் வெளுக்கப்பட்டோ சூடு பட்டோ சிதைந்த மயிரின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கூடுவதால், ஆர்ஜினின் போன்ற நேர்மின் கொண்டவை அங்கே ஒட்டுகின்றன. பகுக்கப்பட்ட புரதத் துண்டுகள் மேலே மெல்லிய படலமாகப் படிகின்றன. சீப்பு வழுக்கும், முனை பிளவு குறைந்ததுபோல் தோன்றும். அடுத்த குளியலில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். பழைய புடவைக்குக் கஞ்சி போடுவது போன்றது இது. விறைப்பு வரும், நெசவு திரும்பாது. கஞ்சி போட்டதைக் கஞ்சி போட்டது என்று சொன்னால் யாருக்கும் வழக்கில்லை.

தோலில் நிலைமை வேறு. அங்கே அமினோ அமிலம் விருந்தாளி அன்று, வீட்டுக்காரர். மேல்தோலின் உச்சி அடுக்கில் ஃபிலாக்ரின் என்ற புரதம் தன் காலத்தில் சிதைந்து தனித்தனி அமினோ அமிலங்களாக மாறுகிறது. செரீன் அவற்றில் மிகுதி. குளுட்டமைனிலிருந்து பி.சி.ஏ. என்ற அமிலம் உண்டாகிறது. தோல் தனக்கென்று வைத்திருக்கும் இந்த ஈரச் சேமிப்பில் தனி அமினோ அமிலங்களின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு, பி.சி.ஏ. இன்னும் 12 விழுக்காடு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டது இதன் மறுபக்கம். ஃபிலாக்ரினுக்கான மரபணுவில் பிழை இருப்பவர்களுக்கு மீன்செதில் போன்ற வறட்சியும் கரப்பானும் வர வாய்ப்புக் கூடுதல். ஆகவே ஈரக்களிம்பில் அமினோ அமிலமோ சோடியம் பி.சி.ஏ.யோ இருப்பதில் பொருள் இருக்கிறது. கிளிசரினும் ஏறக்குறைய அதே வேலையை மலிவாகச் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நல்ல பயனும் உண்டு. வழக்கமான சோப்பின் காரத்தன்மை ஒன்பது, பத்து என்றிருக்க, தோலின் அளவோ ஐந்தை ஒட்டியது. கழுவக் கழுவ அந்த ஈரச் சேமிப்பு கரைகிறது. 1908இல் கடற்பாசிச் சாறு ஏன் சுவைக்கிறது என்று ஆராய்ந்த தோக்கியோ பேராசிரியர் இகேதா, குளுட்டமேட்டைக் கண்டார். அடுத்த ஆண்டே அது அஜினோமோட்டோ ஆயிற்று. பின்னாளில் அதே குளுட்டமிக் அமிலத்தோடு தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலத்தை இணைத்து மென்மையான அழுக்ககற்றிகளைச் செய்தார்கள். புட்டியின் பின்புறம் சோடியம் கோகோயில் குளுட்டமேட் என்று இருப்பது அதுதான். கரப்பான் உள்ள குழந்தைக்கு இது பொன்னெழுத்து விளம்பரத்தைவிட மேலான செய்தி. நொறுக்குத் தீனியில் கண்டால் நாம் பதறுகிற பெயர், முகம் கழுவும் நுரையில் நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கிறது.

*

புட்டியின் பின்புறத்தைப் படிப்பதற்கு ஒரு சிறு இலக்கணம் உண்டு. தோழி கற்றுக்கொடுத்தாள். பொருள்கள் அளவின் இறங்கு வரிசையில் வரும். ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்தவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். ஃபீனாக்சி எத்தனால் என்ற பதனப்பொருளை ஒரு விழுக்காட்டுக்கு மேல் சேர்க்க ஐரோப்பாவும் ஜப்பானும் விடுவதில்லை. ஆகவே அந்தப் பெயரைத் தேடிப் பிடித்துவிட்டால், அதற்குப் பின்னால் நிற்பவை எல்லாம் சிட்டிகைச் சரக்கு என்று கொள்ளலாம். என் மாணவியின் புட்டியில் முதலில் நீர், அடுத்து வழக்கமான நுரைப்பொருள்கள், பிறகு நறுமணம், பிறகு ஃபீனாக்சி எத்தனால். பதினெட்டுப் பேரும் அதற்குப் பின்னால் வரிசை கட்டி நின்றிருந்தார்கள். பாயிரத்தில் அரசனாக வருபவன் நூலுக்குள் கூட்டத்தில் ஒருவனாகக்கூடத் தென்படவில்லை.

இது பணத்தோடு போகிற சேதம். உடலோடு போகிறதும் உண்டு. 'கெரட்டின் சிகிச்சை' என்ற பெயரில் மயிரை நேராக்கும் கரைசல்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருப்பதை 2010இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத் தொழிற்பாதுகாப்புத் துறை கண்டறிந்து எச்சரித்தது. அதற்கு மாற்றாக வந்தவற்றுள் கிளையாக்சிலிக் அமிலம் சேர்ந்தவையும் உண்டு. அத்தகைய களிம்பால் மயிரை நேராக்கிக்கொண்ட பெண் ஒருவருக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை பிரான்ஸ் மருத்துவர்கள் 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு மணப்பெண்ணை அழகு நிலையத்தில் உட்கார வைப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. கெரட்டின் என்ற சொல் அங்கே திரைச்சீலை. வேலை செய்வது திரைக்குப் பின்னால் இருப்பது.

உடனே, சீயக்காயும் அரப்பும் அறிந்த நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியும் என்று மார்தட்டும் கட்டுரையாக இதை மாற்ற எனக்கு விருப்பமில்லை. சீயக்காயில் இருப்பது நுரைக்கும் சப்போனின். அதுவும் அழுக்கு எடுக்கும், ஊட்டாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். 2003இல் மும்பை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் செய்யாத ஒன்றைத் தேங்காயெண்ணெய் செய்தது. தலை கழுவும் முன்னோ பின்னோ தடவினால் மயிரிலிருந்து புரதம் கரைந்து போவது குறைகிறது. கொடுப்பதைவிட இருப்பதைக் காப்பது எளிது என்பதற்கு இது ஒரு சான்று. ஆய்வாளர்கள் அந்த எண்ணெயை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்வது நலம்.

*

வேர் மட்டுமே உண்ணும். வேருக்குப் போகும் வழி வாய்.

அந்தப் பெண்ணிடம் நான் கேட்டது, காலையில் என்ன சாப்பிடுகிறாய் என்பதுதான். ஆறரை மணிப் பேருந்து, ஆகவே ஒன்றுமில்லை. மதியம் தோழியர் டப்பாவில் இரண்டு வாய், அல்லது ஒரு பஃப்ஸ். மாலையில் நேரே கடை. இரவு ஒன்பதரைக்கு வீட்டில் சோறும் இரசமும். மூன்று மாதம் முன்பு டெங்கு வந்து போயிருந்தது. கடுங்காய்ச்சலோ பட்டினியோ வந்தால் வேர்கள் பல ஒருசேர ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்தே முடி கொட்டும் என்று அரசு மருத்துவமனை மருத்துவர் விளக்கினார். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டு. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும்.

உடல் சிக்கனம் தெரிந்த குடும்பத்தலைவி. பற்றாக்குறை வந்தால் முதலில் அலங்காரச் செலவைத்தான் நிறுத்தும். இதயத்துக்கும் மூளைக்கும் போக மிஞ்சினால்தான் கூந்தலுக்கு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். நான் நாள்தோறும் பாடம் நடத்தும் அறுபது பேரில் முப்பது பேர் என்று அதைப் படித்துக்கொள்கிறேன். ஐம்பால் என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது அந்த முப்பது பின்னல்களும் கண்முன் வருகின்றன.

பள்ளியில் படித்த காலத்தில் சத்துணவில் கிடைத்த முட்டையை அவள் நினைவு கூர்ந்தாள். 2022 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடைக்கிறது. கல்லூரி வாசலில் அந்தக் கை நின்றுவிடுகிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். மயிருக்கு வேண்டிய கந்தக அமினோ அமிலங்களும் அதற்குள் உண்டு. அந்த ஒரு புட்டியின் விலைக்கு எழுபது எண்பது முட்டை வாங்கலாம். இதை நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது அவள் எதிர்க்கேள்வி கேட்டாள். "முட்டை வாங்குனா வீட்டுல ஆறு பேரு மேடம். நான் மட்டும் எப்படிச் சாப்பிடுறது? ஷாம்புன்னா என்னோடது."

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஒரு புட்டிக்குள் அடைத்து விற்கப்படுவது அமினோ அமிலம் மட்டுமன்று. தனக்கென்று ஒன்று, தன்னை யாரோ பேணுகிறார்கள் என்ற ஓர் உணர்வு. ஊட்டம் என்ற சொல்லை விளம்பரக்காரர் ஆராய்ந்தே தேர்ந்திருக்கிறார். ஊட்ட ஒரு கை வேண்டும். அந்தக் கை இல்லாதவர்களுக்கே அந்தச் சொல் மிகவும் தித்திக்கிறது.

இப்போது எங்கள் துறை அறையில் காலை எட்டரைக்கு ஒரு பாத்திரத்தில் சுண்டலோ அவித்த முட்டையோ இருக்கிறது. ஆசிரியர்கள் நால்வர் முறை வைத்துக் கொண்டுவருகிறோம். அவளைப் போல முதல் பேருந்தில் வருபவர்கள் பதினோரு பேர் என்று அதன்பிறகே தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையை அவள் ஆறு மாதம் விடாமல் உண்டாள். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. பின்னல் பழைய கனத்துக்கு வரவில்லை. மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் ஒன்றை அவசரப்படுத்த முடியாது. பதினோரு பேரில் நால்வர் கூச்சப்பட்டுக்கொண்டு இன்னும் உள்ளே வருவதில்லை. பாத்திரத்தைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.